நாலாவது தட்டு

அவருக்கு நாய் என்றால் பயம். மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்துகொண்டு நாய்க்குப் பயந்தால் பிழைப்பு எப்படி நடக்கும்? நடத்தினார். யாராவது வளர்ப்பு நாயைக் கயிற்றில் பிடித்து வந்தால், ஊசி போடும் அறைக் கதவை முக்கால்வாசி சாத்திவிடுவார். நாயின் முகம் வெளியே சொந்தக்காரரோடு இருக்க வேண்டும். பின்தொடை மட்டும் கதவிடுக்கு வழியாக உள்ளே வர வேண்டும். ஊசி போட்டு முடிந்து நாயை இழுத்துக்கொண்டதும் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும். அப்புறம் உள்ளேயிருந்து, "கடிக்கலீங்களே?" என்று ஒரு குரல் வரும். நாயைக் கேட்கிறாரா ஆளைக் கேட்கிறாரா என்று கடத்தூரில் யாருக்கும் தெரியாது.

இடிக்குப் பயம். வானம் இருட்டினாலே வீட்டில் எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிடுவார். பக்கத்து குவார்ட்டர்ஸில் டாக்டர் இருமினால் இவர் இங்கே எழுந்து நிற்பார். சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவரைக்கூட 'சார்' என்றுதான் கூப்பிடுவார். மடியில் புண் வந்த பசுவிடம், "வலிக்காதுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். ஊரில் அவர் பேச்சு வந்தாலே சிரிப்புதான். நானும் சிரித்தவன்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் யூனியன் ஆபீஸில் தற்காலிக குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் ஆர்மோனியம் வாசிப்பேன். எங்கள் வீடு ஊருக்குக் கொஞ்சம் தள்ளி. ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு பசு. பசுவுக்கு மருந்து வாங்கப் போன ஒரு நாள் ஆஸ்பத்திரி பூட்டியிருந்ததால் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸுக்குப் போனேன். உள்ளே பெரிய ஆர்கன் வாசிக்கிற சத்தம். எங்கள் பழைய பங்குச் சாமியார் சொல்லித்தான் வெளிநாட்டுக் கோயில்களில் அப்படி ஒரு வாத்தியம் உண்டு என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் காதால் கேட்டேன். கதவைத் தட்டினேன். சத்தம் சட்டென்று நின்றது. கதவைத் திறந்தவரின் முகம் வெளுத்திருந்தது. டாக்டர் வீட்டுக்குக் கேட்கிறதா என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. கேட்கவில்லை என்றேன். நான் ஆர்மோனியக்காரன் என்று தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

அறை முழுக்க இசைத்தட்டுகள். கட்டிலுக்கு அடியில், அலமாரியில், அரிசி டின்னுக்கு மேலே. தனி ஆள். சமையல் பாத்திரம் நாலு இருந்தால் அதிகம். லீவு கிடைக்கிற நாளில் மொரப்பூர் போய் ரயிலேறி சேலத்தில் பழைய சாமான் கடைகளைத் துழாவி வாங்கி வருவார். பெங்களூரில் ஒரு சொந்தக்காரர் அனுப்பிவைப்பதும் உண்டு. ஆனால் கண்டதையும் போட்டுக் கேட்கிற ஆள் அல்ல. மாதத்துக்கு நாலே தட்டு. அந்த நாலைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு மாதம் முழுக்க வேண்டும். முதல் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அதைப் போட்டுக் காட்டுவார். காட்டுவதற்கு ஆள் வேண்டுமே. சைக்கிள் கடை வைத்திருந்த மாதப்பன் ஒருவர், கன்னடம் பேசுகிற தபால்காரர் ஒருவர், அப்புறம் நான்.

அந்த நாலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலாவது நாதஸ்வரமோ பாட்டுக் கச்சேரியோ. இரண்டாவது வடக்கத்திச் சங்கீதம், சித்தாரோ ஷெனாயோ. மூன்றாவது லேசாக ஏதாவது, சினிமாப் பாட்டு, இல்லையென்றால் தபால்காரருக்காக ஒரு கன்னட பக்திப் பாட்டு. நாலாவது, எங்கள் யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்று. ஒரு மாதம் எங்கோ தீவில் டிரம் அடிப்பார்கள், ஒரு மாதம் கறுப்பர்கள் எக்காளம் ஊதுவார்கள், ஒரு மாதம் அரபியில் ஒரு அம்மாள் அரை மணி நேரம் ஒரே வரியைப் பாடுவார். நாலாவது ஓடும்போது அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். பிளேயர் முள்ளைப் பார்க்க மாட்டார், எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தட்டு முடிந்ததும், "புடிச்சதுங்களா?" என்பார். பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் அந்த மாதம் முழுக்கத் தூங்க மாட்டார் என்று மாதப்பன் சொல்வார்.

இவ்வளவு பயப்படுகிறவர் எதற்குத் தெரியாத தட்டாகப் பார்த்து எடுக்கிறார் என்று ஒரு தடவை கேட்டேன்.

"தெரியாததுன்னாத்தானுங்க சார் எனக்குப் பயம். அதனால மாசத்துக்கு ஒண்ணாவது கேட்டுப்புடறது" என்றார்.

எங்களுக்கு முன்கூட்டியே ஒரு சீட்டு வரும். சைக்கிளுக்குக் காற்றடிக்க வரும்போது மாதப்பன் கையில் கொடுப்பார். மாதப்பன் மற்றவர்களுக்குச் சேர்ப்பார். அது மாட்டு ஆஸ்பத்திரியின் மருந்துச் சீட்டுதான். சொந்தக்காரர் பெயர், கால்நடை வகை என்று அச்சடித்த இடங்கள் காலியாக இருக்கும். மருந்து எழுதுகிற இடத்தில் நாலு வரி. அரசாங்கக் காகிதத்தில் பாட்டு விவரம் எழுதியது டாக்டருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் எதையும் முழுதாக எழுத மாட்டார். பாட்டின் முதல் எழுத்து மட்டும், தட்டின் மேல் இருக்கும் நம்பர், எந்தப் பக்கம், முப்பத்து மூன்றா நாற்பத்தைந்தா என்று சுற்றுகிற வேகம். கீழே, 'ஞா. 4 மணி. பின்பக்கக் கதவு.' முன்பக்கம் வந்தால் டாக்டர் பார்த்துவிடுவார். கம்பவுண்டரின் பயம் ஒவ்வொன்றும் அந்தச் சீட்டில் எழுதப்பட்டிருந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மாவட்டம் முழுக்கப் போலீஸ் ஜீப் ஓடியது. நக்சல் தீவிரவாதிகளைத் தேடுகிறார்கள் என்றார்கள். ஊர் ஊராக இளவட்டங்களைக் கூட்டிப் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் பேசவில்லை. அரூர் பஸ்ஸில் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசினால் மூன்றாவது ஆள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்வார். வீட்டில் சிவப்பு அட்டைப் புத்தகம் இருந்தவர்கள் அடுப்பில் போட்டார்கள். என் வேலையை நிரந்தரமாக்குகிற காகிதம் அப்போதுதான் போலீஸ் விசாரணைக்குப் போயிருந்தது. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஏழாம் மாதம். ஜீப் சத்தம் கேட்டால் நான் பேனாவை மூடி வைத்துவிடுவேன். அது தாண்டிப் போனபிறகுதான் அடுத்த வரி எழுதுவேன்.

அந்த மாதத்தின் நாலாவது தட்டு ருஷ்ய நாட்டுத் தட்டு. சேலத்தில் ஒரு புத்தகக் கண்காட்சியில் எடுத்தது. நடுவில் சிவப்பு வட்டம், அதில் நமக்குப் புரியாத எழுத்து. நாற்பது ஐம்பது ஆண்கள் வாத்தியம் இல்லாமல் பாடினார்கள். அடித்தொண்டைக் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஏறி வந்தன. மேய்ப்பர் இல்லாத கோயிலில் ஜனங்களே நின்று பாடுகிற மாதிரி இருந்தது எனக்கு. பாடி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் தட்டை உறையில் போட்டு, "வூட்டுக்குக் கொண்டுபோங்க சார், அடுத்த மாசம் குடுங்க" என்றார். யாருக்கும் தட்டை இரவல் கொடுக்காதவர். என்னிடம் பிளேயர்கூடக் கிடையாது. சும்மா வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாதப்பன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். உதடு வீங்கியிருந்தது. காலையில் ஜீப் அவர் கடைக்கு வந்திருக்கிறது. யாரோ ஒரு இளைஞன் அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுத்திருக்கிறான், அவனைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள். கடையைத் துழாவியபோது கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டு கிடைத்துவிட்டது. எழுத்து, நம்பர், நேரம், பின்பக்கக் கதவு. என்ன ஆயுதம், யாருக்கு, என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். பாட்டுச் சீட்டு என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மருந்துச் சீட்டில் எவனாவது பாட்டு எழுதுவானா? கம்பவுண்டரை ஆஸ்பத்திரியிலிருந்தே கூட்டிப் போய்விட்டார்கள். ஒரு எருமைக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாராம். மூங்கில் குழாய் கையிலேயே இருக்க ஜீப்பில் ஏறினாராம்.

நான் ஆபீஸில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். என் சீட்டை அடுப்பில் போட்டேன். தட்டு மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. உறையைக் கிழித்து அதையும் அடுப்பில் போட்டேன். தட்டு எரிந்தால் நாறும், நாற்றம் ரோடு வரை போகும் என்று பயந்தேன். கொல்லைப்பக்கம் ஓடிக் கிணற்றில் எறிந்தேன். மழைக்குக் கிணற்றில் தண்ணீர் மேலே வந்திருந்தது. கறுப்பாக ஒரு தடவை சாய்ந்து மின்னிவிட்டு உள்ளே போனது. துவைகல்லுக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அவரோடதாச்சேங்க" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் மாதப்பன் மறுபடி வந்தார். இந்த முறை அவர் முகத்தில் கொஞ்சம் தெம்பு இருந்தது. கம்பவுண்டர் நடுங்கிக்கொண்டே விவரம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அதிகாரி கொஞ்சம் விவரம் தெரிந்தவர் போல. சீட்டில் இருக்கிற நாலு நம்பருக்கும் நாலு தட்டைக் காட்டு, காட்டினால் விட்டுவிடுகிறோம் என்றிருக்கிறார். இரண்டு போலீஸ்காரர்கள் கூடவே வந்து குவார்ட்டர்ஸைத் திறந்து தேடியிருக்கிறார்கள். முதல் மூன்று நம்பரும் தட்டோடு ஒத்துப்போயின. நாலாவது இல்லை.

"ஒங்ககிட்டதானே தம்பி குடுத்தாரு? குடுங்க, நான் கொண்டுபோயி குடுத்துட்டு வந்தர்றன். ஒங்க பேரு வராது" என்றார் மாதப்பன்.

நான் கிணற்றுப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

"அன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டனேண்ணா" என்றேன்.

மாதப்பன் என்னையே பார்த்தார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி மிதிக்கவில்லை, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் தள்ளிக்கொண்டேதான் போனார். கூப்பிட்டுச் சொல்லிவிட எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது. கிணற்றில் ஆளை இறக்கியிருக்கலாம். ஆனால் ஏன் கிணற்றில் போட்டாய் என்று கேட்பார்களே. ஒளிக்க வேண்டியது இல்லையென்றால் ஏன் ஒளித்தாய் என்பார்களே.

மூன்று நாள் அவரை வைத்திருந்தார்கள். நாலாவது எங்கே, யாரிடம் கொடுத்தாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். உடைந்துவிட்டது என்றே சொல்லியிருக்கிறார். துண்டு எங்கே என்றதற்குக் குப்பையில் போட்டேன் என்றிருக்கிறார். குப்பைக்குழியைக் கிளறச் சொல்லிப் பார்த்தும் அங்கே துண்டு இல்லை. பக்கத்து வீட்டு இருமலுக்கு எழுந்து நிற்கிற மனிதர், மூன்று நாளும் அந்த ஒரு பொய்யை விட்டு நகரவில்லை. அந்த மூன்று நாளும் நான் சட்டையைக் கழற்றாமல் படுத்தேன். கூட்டிப் போக வந்தால் சட்டையில்லாமல் போகக்கூடாது என்று. என் பெயரைச் சொல்லிவிடுவார், இந்நேரம் சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். அவரை நினைத்து நான் வேண்டிக்கொள்ளவில்லை. அவர் வாய் திறக்கக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். கடவுளே, அதையும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று வேண்டினேன்.

கடைசியில் அவரை மீட்டு வந்தது டாக்டர். அது தம் ஆஸ்பத்திரிச் சீட்டுதான் என்றும், அதில் இருப்பது பாட்டு விவரம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டபோது, முதல் ஞாயிறு சாயங்காலம் தானும் தன் மனைவியும் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பது வழக்கம் என்று சொன்னாராம். மூன்று வருஷமாக. இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வாராம். இதைக் கேட்டு ஊர் மறுபடியும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வந்தவருக்கு இடது காது போயிருந்தது. போலீஸ்காரர்கள் அறைந்தது அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. டாக்டர் சேலத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். சவ்வு கிழிந்துவிட்டது, இனி கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த முதல் ஞாயிற்றுக்குச் சீட்டு வந்தது. இப்போது முழு விவரமும் எழுதியிருந்தது. 'முன்பக்கக் கதவு' என்றும் எழுதியிருந்தது. வரி மூன்றுதான். 4 என்று போட்டு அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். டாக்டரும் வந்து உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டர் நாற்காலியைக் குறுக்காகப் போட்டு, வலது காதைப் பிளேயர் பெட்டிப் பக்கம் கொடுத்து உட்கார்ந்தார். மூன்று தட்டு முடிந்ததும் பிளேயரை மூடினார். யாரும் நாலாவதைக் கேட்கவில்லை. மாதப்பன் என் பக்கம் பார்க்கவே இல்லை. அதற்கப்புறம் மாதாமாதம் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் சீட்டைப் பிரித்ததும் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பேன். நாலுக்கு எதிரே என் பெயர் இருக்கும் என்று ஏனோ தோன்றும். அவர் என்னிடம் எப்போதும்போலத்தான் பேசினார். ஆர்மோனியம் எப்படி இருக்கிறது, குழந்தை பால் குடிக்கிறதா. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

வெயில் காலம் வந்தது. தினமும் காலையில் நான் முதல் வேலையாகக் கிணற்றை எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கியது. என் வேலை நிரந்தரமாகிவிட்டிருந்தது. ஆனாலும் படி ஒன்று கூடுதலாகத் தெரிகிற நாளில் சாயங்காலமும் ஒரு தடவை போய் எட்டிப் பார்ப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. டாக்டர் அரூர் போயிருந்தார். ஸ்டெல்லா என்னைக் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆளை அனுப்பிக் கம்பவுண்டரை வரவழைத்துவிட்டாள். அவர் வந்து, "பொறுத்துக்கங்கம்மா" என்று பசுவிடம் சொல்லிவிட்டு, தோள்வரைக்கும் கையை விட்டுக் கன்றைத் திருப்பி இழுத்துப் போட்டார். கிடேரி, பெண் கன்று. தாயும் பிழைத்தது. கை கழுவக் கிணற்றடிக்கு வந்தார். நான் வாளியில் தண்ணீர் இறைத்தேன். நீட்டிய கையோடு அவர் குனிந்து கிணற்றுக்குள் பார்த்தார். பார்க்காதே என்று எப்படிச் சொல்வது?

அடியில் முழங்கால் அளவு தண்ணீர்தான். ஓரத்துச் சேற்றில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, கறுப்பு விளிம்பு வெயிலில் பளபளத்தது. சிவப்பு வட்டத்தில் ஒரு துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். என் கையில் கயிறு வழுக்கியது.

"ஒண்ணுதானுங்களே சார் போட்டீங்க" என்றார் கடைசியில். "நானா இருந்தா நாலையும் போட்டிருப்பனுங்க."

கேலி இல்லை. பெருந்தன்மையும் இல்லை. ஒரு பயந்தவன் இன்னொரு பயந்தவனிடம் உள்ளதைச் சொன்னான், அவ்வளவுதான். ஆறு மாதமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னேன். மன்னிச்சிடுங்க சார், பயத்துல பொய் சொல்லிட்டேன், என்னாலதான் ஒங்க காது போச்சு என்று, அழுகையில் குரல் தணிந்துபோய், எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் கிணற்றைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "சோப்பு இருக்குதுங்களா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நின்றது அவருக்கு இடது பக்கம்.

சோப்பை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு எட்டு வைத்துச் சுற்றி வந்தால் வலது பக்கம். மறுபடி ஒரு தடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் நிதானமாக விரல் விரலாகக் கழுவினார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் தீர்ந்துபோனது.

அந்த வாரமே கிணற்றில் தூர் எடுத்தோம். கம்பவுண்டர் சொல்லி மாதப்பன் வந்து தட்டை வாங்கிப் போனார். அடுத்த சீட்டில் நாலாவது வரி நிரம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போனேன். வலது பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் முள்ளை வைத்தார். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே அந்த ஆண்கள் பாட ஆரம்பித்தார்கள். நான் அவருக்கு இடது பக்கமே உட்கார்ந்திருந்தேன்.